கிணறும் கரியும்: எந்தப் பொருள் எந்த அழுக்கை எடுக்கும்?

காணிக்குத் திரும்பியதும் நீங்கள் முதலில் பற்றை வெட்டியிருப்பீர்கள். அடுத்ததாகக் கிணற்றை எட்டிப் பார்த்திருப்பீர்கள். வலிகாமம் வடக்கில் 1990இல் விட்டுப்போன கிணறுகளை இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு எட்டிப் பார்த்தவர்களோடு நானும் நின்றிருக்கிறேன். கட்டு இடிந்திருக்கும், சுவரில் ஆலங்கன்று முளைத்திருக்கும். கீழே தண்ணீர் மட்டும் கண்ணாடி போலத் தெரியும். “பாத்தியளே, எங்கட தண்ணி பழுதாகேல்லை” என்று ஒரு பெரியவர் சந்தோஷத்தோடு சொன்னார். அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் தண்ணீர் தெளிவாக இருப்பதும் அது நல்ல தண்ணீராக இருப்பதும் வேறுவேறு விடயங்கள். இந்தப் பாடம் அதைப் பற்றியது.

இன்னொரு வீட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். குசினி மூலையில் இரண்டு வாளிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மணலும் சிரட்டைக் கரியும் போட்டு, அழகாக ஒரு வடிகட்டி செய்திருந்தார்கள். மூன்று மாதப் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்துப் பால்மா கரைத்துக் கொடுத்தார்கள். “கரியும் போட்டு, கொதிக்கவும் வைக்கிறம் தங்கச்சி. இனிப் பயமில்லைத்தானே?” என்று அந்த அக்கா என்னைக் கேட்டார். கிணற்று நீரின் பரிசோதனை முடிவு வந்தபோது அதில் நைத்திரேற்று அளவுக்கு மேலே இருந்தது. கரி நைத்திரேற்றைப் பிடிக்காது. கொதிக்க வைத்தால் அது குறையாது, தண்ணீர் ஆவியாகப் போகப் போக அதன் செறிவு கூடும். அந்த அக்கா கவலையீனமாக எதையும் செய்யவில்லை. அவருடைய கையில் இருந்த துண்டுப்பிரசுரத்தில் கரி வடிகட்டியின் படத்துக்குக் கீழே ‘சுத்தமான நீர்’ என்று மட்டும் எழுதியிருந்தது. எதிலிருந்து சுத்தம் என்று அதில் இல்லை. அப்படிப்பட்ட துண்டுப்பிரசுரங்களை எழுதுவதுதான் என் வேலை என்பதால், அந்த வரி எனக்கு இன்றும் உறுத்துகிறது.

நான் கலைப்பிரிவில் படித்தவள். இரசாயனம் பாடசாலையோடு நின்றுவிட்டது. ஆகவே இங்கே எழுதியிருப்பதெல்லாம் எனக்கு விளங்கும் வரை பொறியியலாளர்களையும் சுகாதாரப் பரிசோதகர்களையும் கேட்டுக் கேட்டு எழுதியவை. உங்களுக்கும் விளங்கும் என்று நம்புகிறேன்.

கிணற்றில் இறங்குவதற்கு முன்

நீண்ட காலம் கைவிடப்பட்ட கிணற்றில் எவரும் உடனே இறங்கக் கூடாது. முதலாவது காரணம் வெடிபொருட்கள். உங்கள் காணி கண்ணிவெடி அகற்றப்பட்டுக் கையளிக்கப்பட்டிருந்தாலும், கிணற்றுக்குள் தெரியாத பொருள் ஏதும் இருந்தால் தொடாமல், கயிறு போட்டு இழுக்காமல், கிராம அலுவலருக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். இரண்டாவது காரணம் காற்று. மூடிக்கிடந்த ஆழமான கிணற்றில் ஒட்சிசன் குறைந்திருக்கலாம். உள்ளே வைத்து நீரிறைக்கும் இயந்திரத்தை ஓடவிட்டால் அதன் புகை இன்னும் மோசம். ஒருவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இறங்கியவரும் இறந்த சம்பவங்கள் பல ஊர்களில் நடந்திருக்கின்றன.

கடற்கரைக்குக் கிட்ட இருப்பவர்கள் கிணற்றை ஒரேயடியாக வற்ற இறைக்க வேண்டாம். நல்ல தண்ணீர் உவர் தண்ணீரின் மேலே மிதந்துகொண்டிருக்கிறது. மேலே உள்ளதை வேகமாக எடுத்தால் கீழே உள்ளது ஏறி வரும். 2004 கடற்கோளுக்குப் பிறகு கிழக்கு மாகாணத்தில் உவர் ஏறிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததால், அவை குணமாவது சுணங்கிய அனுபவம் நமக்கு இருக்கிறது. கொஞ்சம் கொஞ்சமாக, இடைவெளி விட்டு இறையுங்கள்.

அழுக்கு எப்படி இருக்கிறது, பொருள் எப்படிப் பிடிக்கிறது

தண்ணீரில் உள்ள அழுக்கில் ஒரு பகுதி மிதக்கும் அல்லது கலங்கி நிற்கும். சேறு, பாசி, துருத்தூள் எல்லாம் இந்த வகை. இவற்றைத் துணியும் மணலும் மறித்துப் பிடிக்கும். இன்னொரு பகுதி உயிருள்ளது, அதாவது கிருமி. மூன்றாவது பகுதி தண்ணீரோடு முழுதாகக் கரைந்துவிட்டது. தேநீரில் சீனி கரைந்தது போல, எவ்வளவு நெருக்கமான துணியில் வடித்தாலும் அது வடிபடாது. உப்பு, நைத்திரேற்று, புளோரைட்டு, பூச்சிநாசினி, எண்ணெயிலிருந்து கரைந்து வரும் பொருட்கள் எல்லாம் இந்தக் கூட்டம்தான். இவற்றை எடுக்க வேண்டுமென்றால் அந்தந்தப் பொருளைத் தேடிப் பிடிக்கும் தன்மை உள்ள இன்னொரு பொருள் வேண்டும்.

பிடிப்பதற்கும் வழிகள் பல. கரி தன் மேற்பரப்பில் ஒட்ட வைக்கும். பாடசாலையில் புறத்துறிஞ்சல் என்று படித்திருப்பீர்கள். முருங்கை விதை, சின்னத் துணிக்கைகளைக் கட்டி உருட்டிக் கீழே இறக்கும். சில செயற்கைப் பிசின் மணிகள் பண்டமாற்றுச் செய்யும், தம்மிடம் உள்ளதைக் கொடுத்துத் தண்ணீரில் உள்ளதை வாங்கிக்கொள்ளும். இலவம் பஞ்சு எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரைக் குடிக்காது. ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

ஆகவே எதையும் செய்யத் தொடங்குவதற்கு முன் கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பும் வழியை அவர் சொல்வார். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் கிருமிநீக்கிய போத்தலில்தான் நீர் எடுக்க வேண்டும். வீட்டிலுள்ள சோடாப் போத்தலில் எடுத்தால், போத்தலில் இருந்த கிருமியையும் சேர்த்து எண்ணிவிடுவார்கள். நைத்திரேற்றையும் சேர்த்துப் பார்க்கும்படி மறக்காமல் கேளுங்கள். சும்மா ‘தண்ணி செக் பண்ண வேணும்’ என்றால் சிலவேளை கிருமி மட்டும் பார்க்கப்பட்டு வரும்.

மணல்

மணல் வடிகட்டி வெறும் சல்லடை அல்ல. தொடர்ந்து பாவிக்கும்போது மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான மெல்லிய படை ஒன்று உண்டாகும். அதில் வாழும் நுண்ணுயிர்கள் தண்ணீரோடு வரும் கிருமிகளில் பெரும்பகுதியைத் தின்றும் பிடித்தும் குறைத்துவிடும். நல்ல மணல் வடிகட்டி வேலை செய்வது இந்தப் படையால்தான். அது முழுதாக உருவாக இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். அதுவரை வடித்த நீரைக் கட்டாயம் கொதிக்க வைக்க வேண்டும். அதற்குப் பிறகும் கொதிக்க வைப்பதே புத்தி.

படை உயிரோடு இருக்க அது காயக்கூடாது. அதனால்தான் வெளியே வரும் குழாயை அடியிலிருந்து எடுத்து, மேல் நோக்கி வளைத்து, மணல் மட்டத்துக்கு 5 செ.மீ. மேலே வாய் வருமாறு பொருத்த வேண்டும். நீங்கள் தண்ணீர் ஊற்றாத நேரத்திலும் மணலுக்கு மேல் 5 செ.மீ. நீர் நின்றுகொண்டே இருக்கும். இந்தக் குழாயை விட்டுவிட்டு, வாளியின் அடியில் துளை போட்டு வடிகட்டி செய்கிறவர்கள் அதிகம். அதில் நீர் முழுதும் வடிந்து மணல் காய்ந்துவிடும். அப்படிப்பட்ட வடிகட்டி கலங்கலை எடுக்கும், கிருமி விடயத்தில் அதை நம்ப முடியாது.

பாத்திரம் உயரமாக இருக்க வேண்டும். ஒரு மீற்றர் அளவு உயரமுள்ள பிளாஸ்ரிக் பரல் நல்லது. முன்பு மருந்தோ இரசாயனமோ இருந்த பரல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம். அடியில் 5 செ.மீ. சல்லிக்கல், அதன் மேல் 5 செ.மீ. பருமணல், அதன் மேல் அரை மீற்றர் மென்மணல். கடற்கரை மணலைப் போடாதீர்கள், அதில் உப்பும் சிப்பித்தூளும் உண்டு. மணலைக் கழுவுவதுதான் உண்மையான வேலை. போதுமா என்று பார்க்க ஒரு சின்ன வழி: கண்ணாடிப் போத்தலில் கொஞ்ச மணலும் தெளிந்த நீரும் விட்டு மூடிக் குலுக்குங்கள். குலுக்குவதை நிறுத்தி ஐந்தாறு விநாடியில் மணலின் மேற்பரப்பு மங்கலாகத் தெரிய வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால் இன்னும் கழுவுங்கள். உடனே பளிச்சென்று தெரிந்தால் அளவுக்கு மீறிக் கழுவி மென்மணலையும் ஊற்றிவிட்டீர்கள்.

நீர் வருவது மிக மெதுவாகிவிட்டால் மேல் மணலைக் கையால் இலேசாகச் சுழற்றி, கலங்கிய நீரை மட்டும் கோப்பையால் அள்ளி ஊற்றுங்கள். முழு மணலையும் கிளற வேண்டாம். குளோரீன் கலந்த நீரை இதில் ஊற்றவே கூடாது, படை செத்துப்போகும்.

சிரட்டைக் கரி

கரி பற்றித்தான் மக்கள் அதிகம் கேட்கிறார்கள், அதிகம் ஏமாறுவதும் இதில்தான். இலங்கையில் தேங்காய்ச் சிரட்டைக் கரி உலகம் முழுவதும் ஏற்றுமதியாகிறது. நீர் சுத்திகரிப்புக்கும் காற்று வடிகட்டிக்கும் அதை வாங்குகிறார்கள். சிரட்டை கடினமானது, அதன் கரியில் மிக நுண்ணிய துளைகள் நெருக்கமாக உண்டாகும். தொழிற்சாலையில் அந்தக் கரியை 800 முதல் 1000 பாகை செல்சியசு வெப்பத்தில் நீராவி விட்டு மறுபடி சூடாக்குவார்கள். அப்போது துளைகள் திறந்து பெருகும். அப்படி உயிர்ப்பூட்டிய கரி ஒரு கிராமில் உள்ள துளைச் சுவர்களையெல்லாம் விரித்துப் பார்த்தால் ஆயிரம் சதுர மீற்றர் அளவுக்கு வரும். நான்கு பரப்புக் காணி ஒரு கரித்துண்டுக்குள் இருக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்தினார்கள். அந்த இடமெல்லாம் அழுக்கு ஒட்டிக்கொள்ளும் இடம்.

வீட்டில் செய்யும் கரியில் அந்த இரண்டாவது சூடாக்கல் இல்லை. அதனால் அதன் திறன் குறைவு. நாற்றம், நிறம், கெட்ட சுவை, இலைகுழை அழுகியதால் வரும் மணம் ஆகியவற்றை அது குறைக்கும். பூச்சிநாசினி, எண்ணெயிலிருந்து கரைந்தவை என்று சந்தேகம் இருந்தால் வீட்டுக் கரியை நம்பாதீர்கள். கடையில் ‘அக்டிவேட்டட் காபன்’ என்று கேட்டு, குருணியாக உள்ளதை வாங்குங்கள். அப்போதும் பரிசோதனை முடிவைப் பார்த்த பிறகே குடியுங்கள்.

செய்யும் முறை கடினமில்லை. நன்றாகக் காய்ந்த சிரட்டையைத் தும்பு நீக்கி எடுங்கள். மூடியுள்ள தகரப் பரலின் அடிப்பக்கத்தில் சில துளைகள் போட்டு, இரண்டு கற்களின் மேல் வையுங்கள். கொஞ்சச் சிரட்டையைப் பற்ற வைத்து, அது பிடித்ததும் மேலே மேலே போட்டு நிரப்புங்கள். முதலில் தடித்த வெள்ளைப் புகை வரும். புகை மெலிந்து நீலமாகும்போது மூடியைப் போட்டு, அடியையும் விளிம்பையும் ஈரமண்ணால் பூசிக் காற்றை அடைத்துவிடுங்கள். அடுத்த நாள் நன்றாக ஆறிய பிறகு திறக்கலாம். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றிச் சாம்பலாகிவிடும். பத்துக் கிலோ சிரட்டைக்குச் சுமார் மூன்று கிலோ கரி கிடைக்கும். இதை வீட்டுக்குள் செய்ய வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத புகையும் அதில் உண்டு, மூடிய அறையில் அது ஆளைக் கொல்லும்.

கரியை உரலில் இட்டு இடித்து அரியுங்கள். 1 முதல் 3 மி.மீ. அளவுள்ள குருணிதான் தேவை. தூளை விட்டால் வடிகட்டி அடைபடும், பெரிய துண்டென்றால் நீர் ஒட்டாமல் இடையால் ஓடிவிடும். கழுவுநீர் கறுப்பில்லாமல் வரும்வரை கழுவுங்கள். மிஞ்சிய தூளை எறிய வேண்டாம், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கரியை மணலோடு ஒரே பாத்திரத்தில் போடுவது வழக்கம். நாங்கள் வேறாக வைக்கச் சொல்கிறோம். மணலைக் கிளறக்கூடாது, கரியையோ அடிக்கடி மாற்ற வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றை மாற்ற மற்றதைக் குழப்ப வேண்டிவரும். ஆகவே மணல் பரலின் குழாயிலிருந்து சொட்டும் நீர், கரி போட்ட வாளிக்குள் விழட்டும். வாளியில் 30 செ.மீ. ஆழத்துக்குக் கரி. அதன் அடியிலும் மேலும் கழுவிய துணி.

கரி எப்போது முடிகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. துளையெல்லாம் நிரம்பிய கரியும் புதுக் கரியும் ஒரே கறுப்புத்தான். நிரம்பிய கரி சும்மா இருப்பதோடு நிற்காமல், பிடித்ததில் கொஞ்சத்தைத் திருப்பி விடவும் கூடும். வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. குளோரீன் மணம் நன்றாகத் தெரியும் நீர் இரண்டு மூன்று லீற்றரைக் கரி வாளியில் மட்டும் ஊற்றுங்கள். கீழே வரும் நீரிலும் அந்த மணம் இருந்தால் கரி முடிந்துவிட்டது, நிச்சயம். மணம் இல்லாவிட்டால் கரி முழுத் திறனோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது. குளோரீனைப் பிடிப்பது கரிக்கு எளிது, மற்றவற்றைப் பிடிக்கும் இடம் அதற்கு முன்பே தீர்ந்திருக்கும். வீட்டுக் கரி செலவில்லாதது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

ஈரக் கரியில் கிருமி வளரும். கரியிலிருந்து வந்த நீரைக் கொதிக்க வைக்காமலோ குளோரீன் இடாமலோ குடிக்கக் கூடாது. கரி குளோரீனை எடுத்துவிடும் என்பதால், குளோரீன் இடுவது எப்போதும் கடைசியில்: துணி, மணல், கரி, பிறகு மூடிய பாத்திரத்தில் குளோரீன். வில்லையென்றால் பொதியில் எழுதியுள்ள அளவில் இட்டு அரை மணித்தியாலம் விடுங்கள். கொதிக்க வைப்பதென்றால் நீர் நன்றாகக் குமிழிவிட்டு ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும்.

நைத்திரேற்று: வீட்டில் மருந்தில்லை

யாழ்ப்பாணத்துக் குடாநாட்டில் பலருக்கும் இதுதான் பிரச்சினை. கீழே சுண்ணாம்புக்கல், அதில் வெடிப்பும் குகையும். மேலே செம்மண் அதிக ஆழமில்லை. தோட்டத்துக்குப் போடும் யூரியாவும் மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் மழையோடு இறங்கி, அதிகம் வடிபடாமலே கிணற்றுக்குப் போய்ச் சேரும். நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

பெரியவர்களைவிட ஆறு மாதத்துக்குக் குறைந்த, புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கே ஆபத்து அதிகம். நைத்திரேற்று அவர்களின் உடலில் மாறி, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்க விடாமல் செய்கிறது. உதடும் நகமும் நீலமாகும், பிள்ளை சோர்ந்து மூச்சு வாங்கும். அப்படிக் கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். எந்தத் தண்ணீரில் பால் கரைத்தீர்கள் என்பதை வைத்தியரிடம் சொல்லுங்கள். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

மணல், கரி, முருங்கை விதை, கொதிக்க வைத்தல், குளோரீன் எதுவும் நைத்திரேற்றை எடுக்காது. எடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, மிக நுண்ணிய சவ்வினூடாக நீரை அழுத்திப் பிழியும் ஆர்.ஓ. இயந்திரம். மற்றது, நான் முன்பு சொன்ன பண்டமாற்றுப் பிசின் மணிகள். அவை குளோரைட்டைக் கொடுத்து நைத்திரேற்றை வாங்கும், நிரம்பியதும் செறிந்த உப்புநீரால் கழுவ மறுபடி வேலை செய்யும். இதில் ஒரு எச்சரிக்கை. ‘கல்லுத்தண்ணி’யை மென்மையாக்கும் இயந்திரத்திலும் பிசின் மணிதான் இருக்கும். அது கல்சியத்தை மாற்றும் வேறு வகை மணி, நைத்திரேற்றைத் தொடாது. “பில்டருக்குள்ள ரெசின் இருக்கு” என்று விற்பவர் சொன்னால், எதை எடுக்கும் ரெசின் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.

இரண்டுமே ஒரு குடும்பம் தனியாக வாங்கிப் பராமரிக்கக்கூடியவை அல்ல. ஆகவே பரிசோதனையில் நைத்திரேற்றுக் கூடுதலாக இருந்தால், குடிப்பதற்கும் சமையலுக்கும் வேறு நீர் எடுங்கள்: பவுசர் தண்ணீர், சபைக் குழாய்நீர், பரிசோதித்த பொதுக்கிணறு, அல்லது ஓட்டுக் கூரையிலிருந்து மூடிய தாங்கியில் பிடித்த மழைநீர். உங்கள் கிணறு குளிக்கவும் கழுவவும் உதவும், பயிருக்கும் நல்லது. அதிலுள்ள நைத்திரேற்றும் பசளைதானே, அந்த அளவுக்கு யூரியாவைக் குறைக்கலாம். மேலே சொன்ன அக்காவின் வீட்டிலும் இதுதான் செய்தோம். பிள்ளையின் பாலுக்கு மட்டும் தனியாக ஒரு குடம், மூடியில் சிவப்பு நூல் கட்டி.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 30 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும் என்று நாங்கள் எழுதுவோம். இரண்டு பரப்புக் காணியைச் சதுரமாக எடுத்தாலும் ஒரு பக்கம் 22 மீற்றர் அளவுதான். அதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கும். இடமில்லாதவர்கள் திறந்த உறிஞ்சு குழிக்குப் பதிலாக, அடியும் பக்கமும் பூசி அடைத்த தாங்கியைக் கேட்டு விண்ணப்பியுங்கள். வீட்டுத்திட்டப் படிவத்தோடு சேர்த்தே பிரதேச செயலகத்தில் கேட்கலாம். அயலவரின் குழி உங்கள் கிணற்றுக்குக் கிட்ட வருகிறதா என்பதை அத்திவாரம் வெட்ட முன்னரே பேசித் தீர்ப்பது சுலபம்.

எண்ணெய்ப் படலம்

2014, 2015 காலத்தில் சுன்னாகத்தைச் சுற்றிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விடயம் வெளிவந்ததிலிருந்து, தண்ணீரில் பளபளப்பைக் கண்டாலே மக்கள் பதறுகிறார்கள். பதறுவதில் தப்பில்லை. ஆனால் எல்லாப் பளபளப்பும் எண்ணெய் அல்ல. இரும்புச் சத்தும் அதில் வாழும் பற்றீரியாவும் சேர்ந்தாலும் அதே வானவில் நிறப் படலம் வரும். ஒரு வாளியில் நீரை எடுத்து, படலத்தைக் குச்சியால் கீறிப் பாருங்கள். கண்ணாடி போலத் துண்டு துண்டாக உடைந்து விலகி நின்றால் அது பெரும்பாலும் இரும்பு. கீறிய இடம் மறுபடி ஓடிச் சேர்ந்தால் எண்ணெய். மணத்தையும் கவனியுங்கள்.

எண்ணெய் என்றால் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்தி, சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கு அறிவியுங்கள். நீரிறைக்கும் இயந்திரத்திலிருந்து டீசல் சிந்தியது போன்ற சின்ன விடயமென்றால் மேலே மிதப்பதை நீங்களே எடுக்கலாம். அதற்கு இலவம் பஞ்சு மிக நல்லது. இலவம் நார் உள்ளே குழாய் போல வெறுமையானது, வெளியே இயற்கையான மெழுகு பூசியது. மெழுகு தண்ணீரைத் தள்ளும், எண்ணெயை உள்ளே விடும். தன் எடையைவிடப் பல மடங்கு எண்ணெயை அது தாங்கும். பழைய நுளம்பு வலையில் பஞ்சை இட்டுக் கட்டி, கயிற்றில் இறக்கி மிதக்க விட்டு, ஊறியதும் எடுங்கள். பஞ்சை முன்கூட்டியே சவர்க்காரத்தில் கழுவாதீர்கள், மெழுகு போய்விடும். தென்னந்தும்பு இதற்குச் சரிவராது, தண்ணீரையும் குடித்துத் தாழ்ந்துவிடும். ஊறிய பஞ்சை அடுப்பில் எரிக்கவோ வளவில் புதைக்கவோ வேண்டாம். மூடிய தகரத்தில் வைத்து, உள்ளூராட்சிச் சபையிடம் கேட்டு அகற்றுங்கள். படலம் போய்விட்டாலும் கரைந்தது நீரில் இருக்கும், பரிசோதனை இல்லாமல் குடிக்கக் கூடாது.

வன்னியிலும் வவுனியாவிலும் இருப்பவர்களுக்கு

குளத்து நீரும் வெள்ளத்துக்குப் பிந்திய கிணற்று நீரும் கலங்கியிருந்தால் முருங்கை விதை உதவும். சூடான் நாட்டில் நைல் நதிக்கரைப் பெண்கள் இதைப் பாவித்து வந்தார்கள். எங்கள் அம்மம்மாக்கள் பானையின் உள்ளே தேற்றாங்கொட்டை தேய்த்ததும் இதே வேலைக்குத்தான். முற்றிக் காய்ந்த விதையின் தோலை நீக்கி, வெள்ளைப் பருப்பை இடித்து, கொஞ்ச நீரில் கரைத்து, துணியில் வடித்து ஊற்றுங்கள். கலங்கல் குறைவென்றால் 4 லீற்றருக்கு ஒரு விதை, சேறாக இருந்தால் லீற்றருக்கு இரண்டு. ஒரு நிமிடம் வேகமாகக் கலக்கி, பிறகு பத்து நிமிடம் மெதுவாகக் கலக்கி, ஒரு மணித்தியாலமாவது அசையாமல் விடுங்கள். மேல்நீரை எடுத்துக் கொதிக்க வையுங்கள். விதைச் சத்து நீரில் இருப்பதால் அடுத்த நாளுக்கு வைத்தால் மணக்கும்.

வவுனியாப் பக்கத்தில் புளோரைட்டு கூடுதலான கிணறுகள் உண்டு. பிள்ளைகளின் பல்லில் மண்ணிறக் கறை அதன் அடையாளம். இதற்கும் சாதாரணக் கரி உதவாது, கொதிக்க வைப்பதும் கூடாது. எலும்பைக் காற்றுக் குறைவாகச் சுட்டுச் செய்யும் எலும்புக்கரி புளோரைட்டைப் பிடிக்கும். நமது நாட்டிலேயே புதிதாகச் சுட்ட செங்கல்லின் உடைசலைக் கொண்டு வீட்டு வடிகட்டி செய்து பாவித்திருக்கிறார்கள். இரண்டுமே சில மாதங்களில் தீர்ந்துபோகும், பரிசோதனையோடு சேர்த்துத்தான் செய்ய வேண்டும். உங்கள் கிராமத்தில் பத்து வீடாவது சேர்ந்தால் எங்கள் களஉத்தியோகத்தர் வந்து செய்து காட்டுவார்.

பழைய கரியும் கரித்தூளும்

அரித்த கரித்தூளை மாட்டெருவோடு கலந்து ஒரு மாதம் ஊறவைத்துத் தோட்டத்துக்குப் போடலாம். பசளைச் சத்து மழையில் கழுவுண்டு கிணற்றுக்குப் போவதைக் கொஞ்சம் குறைக்கும். நாற்றத்துக்கும் நிறத்துக்கும் பாவித்த பழைய கரியையும் அப்படியே போடலாம். எண்ணெய்க்கோ பூச்சிநாசினிக்கோ பாவித்த கரியை மட்டும் தோட்டத்தில் போடவும் வேண்டாம், அடுப்பில் எரிக்கவும் வேண்டாம். அதை ஊறிய பஞ்சோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

கரி வாளியின் வெளிப்பக்கத்தில் மாற்றிய திகதியை மைப்பேனாவால் எழுதி வையுங்கள். பக்கத்தில் கிணறு கடைசியாகப் பரிசோதித்த திகதியையும், நைத்திரேற்று அளவையும் எழுதுங்கள். மாரிமழைக்குப் பிறகு ஒருமுறை மறுபடி பரிசோதித்துப் புதிய எண்ணைப் பழையதற்குக் கீழே எழுதுங்கள். வீட்டில் கைக்குழந்தை உள்ளவர்கள் அந்த எண்ணை இந்தப் புத்தகத்தின் பின்னட்டையிலும் குறித்துக்கொண்டு, அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள்.